தடவுவதற்கு முன்

ஓசூரில் மார்கழிக் குளிர் இறங்கியதும் பழைய தோல் பைகளின் மேல் வெள்ளை படரத் தொடங்கும். வைத்திருப்பவர் அதைப் பூஞ்சை என்று நினைத்து வெயிலில் காயவைப்பார். வெள்ளை மறையும். பீரோவுக்குள் வைத்த சில நாளில் திரும்ப வரும். அப்புறம்தான் பழுதுபார்ப்பவரிடம் பை வந்து சேரும். அவர் பையைக் கையில் வாங்குவதற்கு முன்பே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "என்ன எண்ணெய் தடவுனீங்க?" பெரும்பாலும் ஒரே பதில்தான். "தேங்கா எண்ணெய்தாண்ணா, ரொம்பக் காஞ்சு கெடந்துச்சு."

தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறையும். ஓசூர் இருப்பதோ சுமார் 900 மீட்டர் உயரத்தில். குளிர்காலக் காலையில் பாட்டிலுக்குள் கட்டியாகிற எண்ணெய் தோலின் நார்களுக்கு இடையிலும் கட்டியாகிறது. நாள்பட எண்ணெயிலிருந்து பிரியும் கொழுப்பு அமிலங்கள் மெல்ல மேலேறி வெண்படலமாகப் பூக்கின்றன. இதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. தலைமுடி உலர்த்தும் டிரையரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து இளஞ்சூட்டில் காட்டினால் போதும். உருகி உள்ளே போனால் கொழுப்பு. அப்படியே நின்றால் பூஞ்சை. பூஞ்சைக்குப் புழுக்க நாற்றம் இருக்கும், புள்ளி புள்ளியாக, சற்றே பஞ்சு போலத் தெரியும். கொழுப்பு என்றால் இளஞ்சூட்டில் உலர்ந்த பருத்தித் துணியால் பலமுறை ஒற்றி எடுக்க வேண்டும். பூஞ்சை என்றால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, பையை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய், மென்மையான பிரஷால் உதற வேண்டும். வீட்டுக்குள் ஈரத் துணியால் தேய்த்தால் பக்கத்தில் இருக்கும் செருப்பு, பெல்ட், புத்தகம் எல்லாவற்றுக்கும் அதைப் பரப்பியதாக ஆகும்.

பழைய தோல் பைகளைக் கெடுப்பது அலட்சியம் என்று பொதுவாக நினைக்கிறோம். பழுதுபார்ப்பவரின் மேசையில் கிடப்பவற்றைப் பார்த்தால் வேறு கதை தெரியும். பரணில் மறந்துபோன பை பல நேரம் நன்றாகவே இருக்கிறது. ஆசை ஆசையாக எண்ணெய், பாலிஷ், சோப்பு, சானிடைசர் என்று தடவப்பட்ட பைதான் நோயாளியாக வந்து சேர்கிறது.

பழைய தோல் பைகளைப் பழுதுபார்க்கும் வேலைக்குச் சிங்காரப்பேட்டை தோதான இடம். கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரை வட்டத்தில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், கிருஷ்ணகிரியிலிருந்து செங்கம், திருவண்ணாமலை, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி போகும் சாலையில் இருக்கிறது ஊர். சாலையின் ஒரு பக்கம் கிருஷ்ணகிரியைத் தாண்டி ஓசூரும் பெங்களூரும். மறுமுனையில் புதுச்சேரி, திலீப் கபூர் 1978இல் சிறு பட்டறையாகத் தொடங்கிய ஹைடிசைன் நிறுவனத்தின் ஊர். வடக்கே திருப்பத்தூரைத் தாண்டினால் வாணியம்பாடி, ஆம்பூர் என்று தோல் பதனிடும் டேனரிகளின் நாடு. மாநில எல்லைக்கு அப்பால் கோலார் தங்கவயல். 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் நடத்தி, பிற்பாடு அரசுடைமையாகி, 2001 பிப்ரவரியில் மூடப்பட்ட சுரங்கம் அது. அங்கே தலைமுறைகளாக உழைத்த தமிழ்க் குடும்பங்களின் வேர்கள் இந்தப் பக்கத்து மாவட்டங்களில்தான்.

ஆகவே இங்கே வரும் பைகளும் விதவிதமானவை. வெள்ளைக்கார எஞ்சினியர் வீட்டிலிருந்து கைமாறி வந்த, வாய் அகலத் திறக்கும் கிளாட்ஸ்டன் பை. டாக்டர் பை. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி தோளில் சுமந்துகொண்டு அலைந்த கனத்த பெட்டிப் பை. போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தைக்கு மாடு வாங்கப் போனவர்கள் பணத்தை முடிந்துகொண்ட அகலமான இடுப்பு வார். எண்பதுகளில் புதுச்சேரியில் வாங்கிய, பித்தளைப் பூட்டு போட்ட அலுவலகப் பை. எல்லாவற்றுக்கும் மேலாகக் கண்டக்டர் பை. சில்லறைக்கு ஓர் அறை, நோட்டுக்கு ஓர் அறை, டிக்கெட் கட்டுக்கு ஓர் அறை. ஓய்வு பெற்றவர் வீட்டு ஆணியில் தொங்கும் அந்தப் பையைப் பேரப்பிள்ளைகள் எடுத்து வருகிறார்கள். அதில் எப்போதும் முதலில் போவது தோள் வார். வியர்வையின் உப்பு பக்கிள் மடிப்பில் சேர்ந்து, அந்த இடம் இறுகி வெடிக்கும். பையின் வயிறோ நாணயங்களின் உராய்வில் கறுத்து, பளபளத்து, இன்னும் நெடுநாள் தாங்கும் தெம்போடு இருக்கும்.

மேசைக்கு வந்த பையில் முதலில் பார்க்க வேண்டியது அது தோலா, ரெக்சினா என்பதை. தையல் ஓரத்தைப் பிரித்துப் பார்த்தால் துணி தெரிகிறதா, நார் தெரிகிறதா என்பதில் விடை இருக்கிறது. ரெக்சின் உரியத் தொடங்கிவிட்டால் அதற்கு வைத்தியம் இல்லை. இதை வாடிக்கையாளரிடம் சொல்வதுதான் கஷ்டம். அப்பா வாங்கியது என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்திருப்பார்.

தோல்தான் என்றால் அடுத்த கேள்வி, எப்படிப் பதனிட்டது? இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் செய்யும் எல்லா வேலையும் குருட்டு வேலை. வெட்டு ஓரத்தில் உள்வரை பழுப்பாக இருந்தால் பட்டையில் பதனிட்டது. நடுவே சாம்பல் நீலம் ஓடினால் குரோம் உப்பில் பதனிட்டது. பூச்சு இல்லாத பட்டைத் தோலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் அந்த இடம் சட்டென்று கறுக்கும். குரோம் தோல் பெரும்பாலும் அவ்வளவு அலட்டிக்கொள்ளாது. கொதிநீரையே தாங்கக்கூடியது அது. பட்டைத் தோல் 70, 80 டிகிரியிலேயே சுருண்டுவிடும். நாள்பட்டுச் சிதைந்த தோல் என்றால் அதற்கும் கீழேயே. வெயிலில் நிறுத்திய காருக்குள் பழைய பையை வைக்கக் கூடாது என்பது இதனால்தான்.

தமிழ்நாட்டுத் தோலின் பெரிய பெயர் பட்டையில்தான் வந்தது. ஆவாரம்பட்டையில் ஊறவைத்து, கடுக்காயில் நிறம் கொடுத்து, புங்க எண்ணெயோ நல்லெண்ணெயோ ஏற்றிய அரைப்பதன் தோல் சென்னைத் துறைமுகத்திலிருந்து லண்டனுக்குக் கப்பல் கப்பலாகப் போனது. ஈஸ்ட் இந்தியா லெதர் என்ற அந்த வணிகப் பெயர் இன்று புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. பின்னாளில் ஆவாரம்பட்டையின் இடத்தைத் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் பட்டை பிடித்துக்கொண்டது. இங்கிலாந்தில் செய்தது என்று பெருமையாகக் காட்டப்படும் பழைய பையின் தோல் நம் பக்கத்துத் தொட்டியில் ஊறியதாகவே இருக்கலாம்.

அந்தப் பெருமைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. உள்ளூர்க்காரர்கள் அதிகம் பேசாதது. நூலகங்களில் புத்தக அட்டைத் தோல் பொடிப் பொடியாக உதிர்வதைக் கண்டு, லண்டனின் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் 1900இல் ஒரு குழு அமைத்தது. அதன் அறிக்கைகள் 1901இலும் 1905இலும் வந்தன. எல்லாப் பட்டையும் ஒன்றல்ல என்றது குழு. குறிப்பாக இந்தியாவிலிருந்து வந்த, ஆவாரம்பட்டையில் பதனிட்ட ஆட்டுத் தோலும் செம்மறித் தோலும் அட்டைக்கு மிக மோசமானவை என்று தீர்ப்பளித்தது. வணிகர்கள் அவற்றைப் 'பெர்சியன்' என்று சொல்லி விற்றார்கள் என்பது தனி வேடிக்கை. ஆவாரையின் துவர்ப்புப் பொருள் ஒரு வகை, கடுக்காயினுடையது வேறு வகை. முன்னது வெளிச்சத்தில் சிவந்து, காற்றிலுள்ள கந்தகப் புகையை உறிஞ்சி, அதைத் தனக்குள் அமிலமாக்கிக்கொள்ளும். கடுக்காய் வகை அவ்வளவு எளிதில் சிதையாது. பழைய பதனிடுகாரர்கள் கடைசியில் கடுக்காய்த் தொட்டியில் தோலை முக்கி எடுத்தது வெறும் நிறத்துக்காக மட்டும் அல்ல. வெயிலில் சிவப்பதையும் அது மட்டுப்படுத்தியது.

ரெட் ராட் எனப்படும் அந்த நோய் கண்ட பையைக் கையில் எடுத்தால் விரல்களில் செங்கல் பொடி ஒட்டும். மடிப்புகள் பிசுக்கோத்துப் போல உதிரும். இதைத் திருப்ப முடியாது. எண்ணெய் விட்டால் குடித்துவிட்டுக் கறுக்கும்; பொடிவது நிற்காது. தண்ணீர் பட்டாலோ அந்த இடம் கறுத்து, காய்ந்ததும் பலகை போல் விறைத்துவிடும். அருங்காட்சியகங்களில் ஹைட்ராக்ஸிபுரோப்பைல் செல்லுலோஸ் என்ற பொருளை ஆல்கஹாலில் கரைத்துப் பூசி, உதிரும் பொடியைக் கட்டி நிறுத்துகிறார்கள். பையை அது குணப்படுத்தாது; இருக்கும் நிலையில் வைத்திருக்கும், அவ்வளவுதான். அப்படிப்பட்ட பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திருமணத்துக்குப் போக ஆசைப்படுபவரிடம் நல்ல பழுதுபார்ப்பவர் மறுத்துச் சொல்லத்தான் வேண்டும். கூலி போனாலும் பரவாயில்லை.

குரோமின் கதை வேறு. சென்னை கலைப் பள்ளியின் தலைவராக இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1903இல் இங்கே குரோம் பதனிடும் சோதனைகளைத் தொடங்கினார். அவர் மனதில் இருந்தவற்றுள் மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கவலை ஏற்றமும் ஒன்று. கிணற்று நீரில் நாள் முழுக்க ஊறும் தோலுக்குப் பட்டைப் பதனை விட குரோம் தாங்கும் என்பது கணக்கு. பல்லாவரத்துப் பக்கம் எழுந்த குரோம் லெதர் கம்பெனியிலிருந்துதான் குரோம்பேட்டைக்குப் பெயர் வந்தது. 1948இல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. 1970களின் முற்பகுதியில் மத்திய அரசு அரைப்பதன் தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுமையாக்கிய தோலையும் தோல் பொருள்களையும் ஊக்குவித்தது. டேனரிகள் பெருமளவில் குரோமுக்கு மாறின. டேனரிக் கழிவால் பாலாறு கெட்ட கதையும், 1996 ஆகஸ்டில் வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் இதன் தொடர்ச்சி. அது தனியே எழுத வேண்டியது. பையைப் பார்ப்பவருக்கு இந்த வரலாறு ஒரு கைவிளக்கு. அறுபதுகளுக்கு முந்தைய கனத்த பை பெரும்பாலும் பட்டைத் தோல்; எண்பதுகளுக்குப் பிந்தைய மெல்லிய, வழவழப்பான பை பெரும்பாலும் குரோம். விதிவிலக்குகள் உண்டு. அதனால்தான் ஓரத்தைப் பார்க்காமல் கை வைப்பதில்லை.

சுத்தம் செய்வதைக் கேட்டால் சப்பென்று இருக்கும். பையைக் காலி செய்து, கவிழ்த்துத் தட்டி, அறைகளின் மூலையில் இறுகிய தூசியைப் பெயிண்ட் பிரஷால் கிளறி எடுக்க வேண்டும். மேல் அழுக்குக்கு உலர்ந்த துணி. போகாத இடத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பர், மெதுவாக. எண்ணெய்க் கறை என்றால் சோள மாவைத் தூவி ஓர் இரவு விட்டுவைத்தால் கொஞ்சம் உறிஞ்சும். முக்கால்வாசி வேலை இந்த உலர்ந்த கட்டத்திலேயே முடிந்துவிடும்.

அதற்கும் மேல் வேண்டுமென்றால்தான் ஈரம். இங்கே இந்த மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்துப் போர்வெல் தண்ணீர் உப்பும் ஃபுளோரைடும் மிகுந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான் வந்தது. அந்தத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தால், காய்ந்ததும் வெள்ளைக் கோடு விழும். மெக்கானிக் கடையில் பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டர் போதும், விலையும் அதிகமில்லை. துணியை நனைத்து, சொட்டு விழாத அளவுக்குப் பிழிந்து, ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை முழுப் பரப்பையும் ஒரே சீராகத் துடைக்க வேண்டும். ஒரு இடத்தை மட்டும் துடைத்தால் அந்த இடம் தீவாக நிற்கும்.

சோப்பு வேண்டாம். தோல் இயல்பிலேயே அமிலத்தன்மை கொண்டது, அதன் பி.எச். அளவு 3.5 முதல் 5 வரை. குளியல் சோப்பு 9, 10 என்று காரப் பக்கம் நிற்கும். பட்டைத் தோலில் அது துவர்ப்பைக் கழற்றி, தோலைக் கறுக்கச் செய்யும். பூந்திக்கொட்டை ஊறிய நீர் சற்றே அமிலப் பக்கம் சாய்ந்தது; பட்டுப் புடவைக்குப் பாட்டிமார் அதைத் தேர்ந்ததில் நியாயம் இருந்தது. ஆனால் அதற்கும் நிறம் உண்டு. அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு விரல் அளவு சோதித்துவிட்டு, ஒரு நாள் காத்திருந்து பிறகுதான். கொரோனா காலத்தில் சானிடைசர் போட்டுத் துடைத்த பைகள் திட்டுத் திட்டாக வெளுத்து வந்தன. ஆல்கஹால் கிருமியோடு சாயத்தையும் மேற்பூச்சையும் சேர்த்தே கொண்டுபோகும்.

பித்தளைப் பூட்டைச் சுற்றிப் பச்சைப் பசையாக ஒட்டியிருக்கும் களிம்பும் எண்ணெயின் வேலைதான். கொழுப்பு அமிலம் செம்போடு சேர்ந்து உண்டாவது அது. மரக்குச்சியால் சுரண்டி, உலர்ந்த துணியால் துடைத்தால் போகும். வீட்டில் விளக்கு துலக்குவது போலப் புளி போட்டுத் துலக்க ஆரம்பித்தால் புளித்தண்ணீர் தோலில் இறங்கும். இரும்புப் பக்கிள் இன்னும் ஆபத்து. துருவும் பட்டைத் தோலின் துவர்ப்பும் ஈரத்தில் சந்தித்தால் கருநீலக் கறை. கடுக்காயும் அன்னபேதியும் கலந்து மை காய்ச்சிய ஊர்க்காரர்களுக்கு இந்த வேதியியல் புதிதல்ல. பை தன்மேல் தானே மை காய்ச்சிக்கொள்கிறது. துருப்பிடித்த பக்கிளுக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு மெல்லிய தடுப்பு வைத்துவிட்டாலே கறை பரவுவது நிற்கும்.

அப்படியானால் எண்ணெயே ஆகாதா? கவலை இறைத்த காலத்தில் நீர் அள்ளும் சாலின் தோல் வாலுக்கு எண்ணெய் போட்டு வளர்த்த ஊர்களில் இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. அது தினமும் நனைந்து, தினமும் வளைந்த தோல். தண்ணீர் கழுவிக்கொண்டு போவதைத் திரும்பக் கொடுக்க வேண்டியிருந்தது. பீரோவில் இருக்கும் பைக்கு அந்த இழப்பு இல்லை. தினசரி தோளில் போகும் பட்டைத் தோல் பைக்கு, வறட்சி கண்கூடாகத் தெரிந்தால், மாட்டுக்கால் எண்ணெயைத் துணியில் தொட்டு மிக மெல்லியதாக, உள்பக்கத்திலிருந்து கொடுக்கலாம். மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுக்கப்படுவதால் குளிரிலும் எளிதில் உறையாது. பிரிட்டிஷ் மியூசியமே லனோலினும் தேன்மெழுகும் கலந்த ஒரு பூச்சைப் பல பத்தாண்டுகள் பரிந்துரைத்தது. இன்று பாதுகாப்பாளர்கள் அந்த மாதிரிப் பூச்சுகளைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டார்கள். வெடித்த தோலை எந்த எண்ணெயும் ஒட்டவைக்காது. நார் அறுந்துவிட்டது, உள்ளே மெல்லிய ஆட்டுத் தோல் ஒட்டுப் போட்டுத்தான் தாங்க வைக்க முடியும். அதற்கும் செருப்புக் கடைச் சொல்யூஷன் வேண்டாம். காய்ந்தால் கறுக்கும், பிறகு எடுக்கவும் வராது.

தையலில்தான் ஒரு கைவினைஞரின் தரம் தெரியும். இரண்டு ஊசி, ஒரே நூல், தேன்மெழுகு தேய்த்தது. ஒவ்வொரு துளையிலும் இரு பக்கத்திலிருந்தும் ஊசி நுழையும். ஒரு இழை அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். மெஷின் தையல் போலச் சரசரவென்று அவிழாது. பழைய துளைகளிலேயே குத்தூசி போக வேண்டும். புதுத் துளை போட்டால் பழைய தோல் தபால்தலை போல அந்த வரிசையில் கிழிந்து வரும். பழைய துளையைக் கண்ணால் தேடுவதை விட விரல் நுனியால் தேடுவது வேகம்.

இந்த விரல்கள் யாருடையவை என்பதையும் சொல்லியாக வேண்டும். கவலை வாலையும் செருப்பையும் பறையையும் செய்து கொடுத்த அருந்ததியர் மக்களைத்தான் ஊர் வெளியே நிறுத்தியது. வயல் விளைந்தது அவர்கள் தைத்த தோலால். அவர்கள் கை பட்டால் தீட்டு என்றது அதே வயலின் சொந்தக்காரர் வீடு. 2009இல் தமிழ்நாடு அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு கொடுத்தது. பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போகிறார்கள், போகத்தான் வேண்டும். பழைய தோலுக்கு ஊறுகாய்ப் பாட்டில் போல அழகான லேபிள் ஒட்டிய கிரீமை நூற்றுக்கணக்கில் ரூபாய் கொடுத்து வாங்குபவர், பஸ் ஸ்டாண்டு ஓரம் குடையின் கீழ் உட்கார்ந்து தைப்பவரிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுவது மட்டும் இன்னும் மாறவில்லை.

எதை விட்டுவைப்பது என்பது கடைசிக் கேள்வி. கண்டக்டர் பையின் மூடியில் பால்பாயின்ட் பேனாக் கிறுக்கல்கள் இருக்கும். அவசரத்தில் எழுதிய எண்கள், கூட்டல் கணக்கு. எடுக்க முயன்றால் எடுக்கலாம், சாயமும் கூட வரும். விட்டுவிடுவதே சரி. அதுபோலத்தான் தோள் வாரின் பளபளப்பும். புதுப் பை வேண்டுமென்றால் கடையில் நிறைய இருக்கிறது.

வீட்டில் வைத்திருக்கும்போது உள்ளே பழைய பருத்தி வேட்டியைச் சுருட்டித் திணித்து, துணிப் பையில் போட்டு, சுவரை ஒட்டாமல் வையுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம். நாப்தலின் உருண்டையைத் தோலோடு ஒட்டி வைக்க வேண்டாம். பழுதுபார்க்கக் கொண்டுவருவதாக இருந்தால் ஐப்பசி மழைக்கு முன்பே கொண்டுவாருங்கள். நிழலில் உலர்த்த நாள் கிடைக்கும். முதல் நாள் பாலிஷ் போட்டு அழகாக்கிவிட்டு வராதீர்கள், அழுக்கோடே வரட்டும். கழன்ற பக்கிள், அறுந்த வார், உடைந்த ஜிப் ரன்னர் எதையும் எறியாமல் ஒரு கவரில் போட்டு எடுத்துவாருங்கள். இதுவரை என்னென்ன தடவினீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.